ஏரிச் சேற்றின் மறுபாதி

“என் சேத்தைக் காணோம் சார்.”

வாசலில் நின்றபடியே அவள் இதைச் சொன்னாள். துப்பறிவாளர் செய்தித்தாளை மடித்து வைத்தார். நகை காணோம், நாய் காணோம், கல்யாணத்துக்கு நிச்சயித்த மாப்பிள்ளையைக் காணோம் என்றெல்லாம் அந்த அறைக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள். சேற்றைத் தேடி யாரும் வந்ததில்லை.

“எந்தச் சேறும்மா? நேத்துப் பெஞ்ச மழையில தெருவெல்லாம் கிடக்கே,” என்றார் மைத்துனர். துப்பறிவாளருடைய மனைவியின் தம்பி. துப்பறியக் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொல்லி அக்காள் வீட்டில் வந்து இறங்கியவர். சாப்பாட்டு நேரத்தை மட்டும் இதுவரை சரியாகக் கண்டுபிடித்திருந்தார்.

“மாப்ளே, அவங்களை உட்காரச் சொல்லு.”

அவள் உட்கார்ந்தாள். பல்கலைக்கழகத்தில் நிலவியல் ஆராய்ச்சி செய்பவள். அழுது முடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று கண்கள் சொல்லின.

“ஏரிக்கு அடியில நீளமான குழாயை இறக்கி சேறு எடுப்போம் சார். மேல இருக்கறது புதுசு, கீழ போகப் போகப் பழசு. அதுல வெள்ளையா ஒரு உப்புக் கோடு கிடைச்சுது. அந்தப் பெரிய ஏரி ஒரு காலத்துல மொத்தமா வத்திப் போச்சுங்கறதுக்கு அதுதான் சாட்சி. என் ஆராய்ச்சியே அந்தக் கோடுதான். குழாயை நீளவாக்குல ரெண்டாப் பிளப்போம். ஒரு பாதியைச் சுரண்டிச் சோதிப்போம். இன்னொரு பாதியை யாரும் கை வைக்காம பத்திரமா வெச்சிருப்போம். அந்தச் சாட்சிப் பாதிதான் காணோம்.”

“வேற சேறு எடுத்துக்கலாமே?” என்றார் மைத்துனர்.

“இன்னிக்கு மத்தியானம் கருத்தரங்கு. புதுசா வந்திருக்கற பேராசிரியர், ‘உங்க அளவும் சாட்சிப் பாதியும் பொருந்தல, சபையில கேட்பேன்’னு சொல்லியிருக்காரு. ராத்திரி என் பேராசிரியை போன்ல சொன்னாங்க. காலையில போய்ப் பார்த்தா அது இல்ல. நான்தான் ஒளிச்சு வெச்சேன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அப்புறம் நான் எதைச் சொன்னாலும் யார் நம்புவாங்க?”

“பூட்டு?”

“உடைக்கல. சாவி மூணு பேர்கிட்ட இருக்கு. பேராசிரியை, புதுசா வந்தவரு, நான். என் சாவி ராத்திரி பூரா வீட்டுலதான், கைப்பையில இருந்துது.”

“வீட்டுல யார் யார் இருக்கீங்க?”

“நானும் அவரும்தான். கருத்தரங்கு ஹால்ல மைக், புரொஜெக்டர் எல்லாம் அவர்தான் பார்த்துக்கறார். எனக்காகப் பயந்து போயிருக்கார் பாவம். ‘இன்னிக்குப் பேச்சைத் தள்ளிப் போட முடியாதா’ன்னு காலையிலேயே ரெண்டு தரம் கேட்டுட்டார்.”

பல்கலைக்கழகத்தின் குளிர்பதன அறையில் மூச்சு புகையாக வந்தது. அலமாரியில் மீந்திருந்த பாதியை அவள் காட்டினாள். பிளந்த மூங்கிலைப் போல ஒரு மீட்டர் நீளத்துக்குக் கருஞ்சேறு. ஒரு முனையில் சிவப்பு மூடி, மறுமுனையில் கறுப்பு மூடி.

“எழுதி ஒட்டினா ஈரத்துல அழிஞ்சுடும். அதனால எங்க இடத்துல மூடிதான் அடையாளம். சிவப்புதான் தலை.”

“சிவப்புத் தொப்பி!” என்றார் மைத்துனர்.

சிவப்பு மூடிக்குக் கொஞ்சம் கீழே குட்டிச் சங்கு ஒன்று பாதி புதைந்து கிடந்தது. இன்னும் கீழே ஓர் இடத்தில் சேறு இல்லை; சுத்தமாகச் சுரண்டி எடுத்த பள்ளம்.

“உப்புக் கோடு இருந்த இடம். முப்பத்தஞ்சாவது சென்டிமீட்டர். சோதனைக்குன்னு எடுத்து எடுத்தே தீர்த்துட்டேன். இனிமே காட்டணும்னா அந்தப் பாதியிலதான் காட்டணும்.”

துப்பறிவாளர் காலி இடத்தைப் பார்த்தார். “வேற என்ன காணோம்?”

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். “தண்ணி தெளிக்கிற பாட்டில். காயாம இருக்க அப்பப்ப தெளிப்பேன். அது இங்கதான் இருக்கும்.”

“அதைப் போய் யார் திருடுவா?” என்று சிரித்தார் மைத்துனர். துப்பறிவாளர் சிரிக்கவில்லை.

புதிய பேராசிரியருக்கு மாணவர்கள் ‘ஆனால்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எதைச் சொன்னாலும் அந்தச் சொல்லில்தான் பதிலைத் தொடங்குவார். அவர் அறையின் மூலையில் சேற்றுக் குழாய்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் சிவப்பு மூடி.

“எல்லாரும் சிவப்புச் செருப்பு போட்டிருக்காங்க அத்தான்,” என்று மைத்துனர் காதில் கிசுகிசுத்தார்.

“ஆனால், நான் பொய்னு சொல்லவே இல்லையே,” என்றார் பேராசிரியர் வருத்தத்துடன். “பொருந்தலன்னுதான் சொன்னேன். முந்தாநாள் நானே ஸ்கேல் வெச்சு அளந்தேன். வெள்ளைக் கோடு அறுபத்தஞ்சுல இருக்கு. அந்தப் பொண்ணு வேற எண் எழுதியிருக்கு.”

“அவங்ககிட்டயே கேட்டிருக்கலாமே?”

“முறைப்படி அவங்க பேராசிரியைகிட்டதானே சொல்லணும்? அவங்க வெளியூர்ல இருந்தாங்க. நேத்து சாயங்காலம் ஹால்ல மைக் சோதிக்கப் போனப்ப, அங்கிருந்தே போன் போட்டுச் சொன்னேன்.”

அந்தப் பேராசிரியையை அடுத்த அறையில் பார்த்தார்கள். விடிகாலை வண்டியில் வந்து இறங்கியவர், பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. “என் சாவி என்னோடவேதான் ஊருக்கு வந்துது. அவ பொய் சொல்ற பொண்ணு இல்ல,” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கருத்தரங்கு ஹாலுக்குள் நுழைந்ததும் மைத்துனர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். காலியான ஹாலில் குளிர் எலும்பைத் தொட்டது. மேடையில் திரை விரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் திரையைச் சுருட்டி வைக்கும் நீளப் பெட்டியின்மேல் ஒருவன் உட்கார்ந்து மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளுடைய கணவன்.

“இவ்வளவு குளிரா வெச்சிருக்கீங்க?” என்றார் மைத்துனர்.

“புரொஜெக்டர் சூடாயிடும் சார். உட்காருங்க, நாற்காலி நிறைய இருக்கு.” ஹால் முழுக்க நாற்காலி இருந்தும் அவன் பெட்டியை விட்டு எழவில்லை. புரொஜெக்டரின் பிளக் தரையில் கிடந்தது. பக்கத்தில் ஒயர்களுக்கு நடுவே தண்ணீர் தெளிக்கும் பாட்டில் ஒன்று.

துப்பறிவாளர் வெளியே வந்தார்.

“அந்தப் பேராசிரியர்தான் அத்தான்!” மைத்துனருக்குப் பொறுக்கவில்லை. “முழியே சரியில்ல. கையோட பிடிச்சிடலாமா?”

“முழிக்கெல்லாம் பிடிச்சா உன்னைத்தான் முதல்ல பிடிக்கணும். போய் எல்லாரையும் ஹாலுக்குக் கூப்பிடு. மீந்த பாதியையும் எடுத்துட்டு வரச் சொல்லு. படுக்கவெச்சே கொண்டு வரணும்.”

கூட்டம் வர இன்னும் நேரம் இருந்தது. மேடையருகே பேராசிரியை, ‘ஆனால்’, அவள், அவளுடைய கணவன் ஆகியோர் நின்றார்கள். கணவன் இப்போதும் பெட்டியை ஒட்டித்தான் நின்றான்.

“இதை அழிக்கணும்னு நினைச்சவன் எடுத்துட்டுப் போகவே வேண்டியதில்ல,” என்று துப்பறிவாளர் நிதானமாகத் தொடங்கினார். “வெயில்ல வெச்சா போதும், காஞ்சு வெடிச்சுப் போயிடும். ஆனா எடுத்தவர் தண்ணி பாட்டிலையும் சேர்த்து எடுத்திருக்கார். அப்ப, இந்தச் சேறு காயக் கூடாதுன்னு அவருக்கு அக்கறை இருக்கு. இவங்க அதை எப்படிப் பார்த்துக்கறாங்கன்னு தெரிஞ்சவர். பேராசிரியை சாவியோட வெளியூர்ல இருந்தாங்க. புதுப் பேராசிரியருக்கு அந்தப் பாதி சபையில இருந்தாதான் கேள்வியே கேட்க முடியும். மிச்சம் ஒரே சாவி. ராத்திரி பூரா வீட்டுல இருந்த சாவி.”

அவள் முகம் மெல்ல மாறியது. கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“நேத்து இந்த ஹால்ல போன் பேசினப்ப, மைக் சோதிச்சிட்டு இருந்தவர் காதுல அது விழுந்துது. ஒரு மீட்டர் நீளத்தை வளையாம படுக்கவைக்க இந்த ஹால்ல ஒரே இடம்தான் இருக்கு. பிளக் பிடுங்கிப் போட்ட புரொஜெக்டருக்கு இவ்வளவு குளிர் எதுக்கு? ஒயருக்கு நடுவுல தண்ணி பாட்டில் எதுக்கு? தம்பி, பெட்டியைத் திறங்க.”

அவன் மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்தான். உள்ளே ஈரத் துணியில் சுற்றி, கைக்குழந்தையைப் படுக்க வைத்ததுபோல இருந்தது அது.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே,” என்றாள் அவள். “நான் ஏமாத்தறேன்னு நினைச்சிட்டீங்களா?”

“எனக்கு என்ன தெரியும்? பெரிய படிப்புப் படிச்சவர் பொருந்தலன்னு சொல்றார். நாலு பேர் முன்னாடி நீ தலைகுனிஞ்சு நிக்கறதை நினைச்சுப் பார்த்தேன், தூக்கம் வரல. கேட்டு, நீ ‘ஆமா’ன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னும் பயமா இருந்துது.” அவன் தலை நிமிரவில்லை. “ஆமான்னு சொல்லியிருந்தாலும் நான் உன் பக்கம்தான் நின்னிருப்பேன்.”

“அவங்களுக்கு அது தேவையே இல்ல,” என்றார் துப்பறிவாளர். “முப்பத்தஞ்சையும் அறுபத்தஞ்சையும் கூட்டினா எவ்வளவு மாப்ளே?”

“நூறு.” மைத்துனர் கண்கள் விரிந்தன. “ஒரு மீட்டர்!”

“சார், உங்க பழைய இடத்துல சிவப்பு மூடி எந்தப் பக்கம் போடுவீங்க?”

“அடியில. எங்களுக்கு எப்பவும்...” பேராசிரியர் பாதியில் நிறுத்தினார். அவர் பார்வை பெட்டிக்குள் போனது. பிறகு கையைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு, இரண்டு பாதிகளையும் தானே மேசைமேல் சிவப்புக்குச் சிவப்பாக, விரித்த புத்தகம்போலப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இந்தப் பக்கம் சங்கு. அந்தப் பக்கம் அதே உயரத்தில் அதன் குழி. இந்தப் பக்கம் சுரண்டிய பள்ளம். அதற்கு நேர் எதிரே, நூல் பிடித்ததுபோல வெள்ளைக் கோடு.

சிவப்பு மூடிப் பக்கத்துச் சேற்றை ஒரு விரலால் மெல்லத் தொட்டார். விரல் வழுக்கியது.

“கொழகொழன்னு இருக்கு. அடிச் சேறுன்னா இறுகிக் கெட்டியா இருக்கும். இதுதான் மேல் பக்கம். ஸ்கேலை எடுத்த அவசரத்துல நான் சேத்தைத் தொட்டே பார்க்கலம்மா,” என்றார் அவளிடம். “ஏரியையே தலைகீழாப் படிச்சிட்டேன். என்னை மன்னிச்சுடு. இதை சபையில நானே சொல்றேன்.”

பேராசிரியை கணவனிடம் திரும்பினார். “பூட்டைத் திறந்ததுக்கு உங்ககிட்ட தனியாப் பேச வேண்டியிருக்கு தம்பி.” ஆனால் குரலில் கோபம் ஒட்டவில்லை.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கணவன் சத்தம் காட்டாமல் பின்னால் இருந்த மைக் அறைக்கு நகர்ந்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இத்தனை வருஷமா என் பேச்சுல சத்தம் கூடுதா குறையுதான்னுதான் கேட்டுட்டு இருந்தீங்க. இன்னிக்கு முன்வரிசையில உட்கார்ந்து, என்ன சொல்றேன்னு கேளுங்க.”

“மைக்கை யார் பார்க்கறது?”

“நான் இருக்கேன்!” என்று மைத்துனர் ஓடினார். அடுத்த நொடி ஹாலே காதைப் பொத்திக்கொண்டது. துப்பறிவாளர் போய் ஏதோ ஒரு பொத்தானை அமுக்கி நிறுத்தினார்.

அவள் பேசினாள். வெள்ளைக் கோட்டை எல்லாருக்கும் காட்டினாள். பேச்சு முடிந்தது. முதல் கேள்வி யாரிடமிருந்தும் சுலபத்தில் வருவதில்லை. அப்போது முன்வரிசையில் ஒரு கை தயங்கித் தயங்கி எழுந்தது.

“அவ்வளவு பெரிய ஏரி வத்திப் போச்சே,” என்றான் அவன். “திரும்பத் தண்ணி எப்படி வந்துது?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு மேடையின் விளிம்புவரை வந்தாள். அவனை மட்டும் பார்த்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.