காலி நாற்காலியில் விழுந்த கட்டம்

தங்கையின் கல்யாணத்தில் தானே எடுத்த படங்களைக் கணினியில் ஏற்றி, முதல் படத்தைப் பெரிதாக்கினான். மேடையில் சிரித்துக்கொண்டு நின்ற தங்கையின் முகம், ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல மங்கிக் கிடந்தது. அவளுக்குப் பின்னால் யாரும் உட்காராத ஒரு நாற்காலியோ, சாய்மானத்தின் தையல் பிரிந்திருப்பதுகூடத் தெரியும் அளவுக்குத் துல்லியமாக இருந்தது.

கேமரா எந்த இடத்தில் ஃபோகஸ் செய்தது என்று காட்டும் வசதியைத் தட்டினான். சின்னச் சிவப்புக் கட்டம் ஒன்று திரையில் எழுந்தது. நாற்காலிக்குச் சற்று மேலே, வெறும் காற்றில், ஓர் ஆள் உட்கார்ந்தால் முகம் எங்கே வருமோ அங்கே நின்றது.

தப்பு யாருடையது என்று தேட வேண்டியதில்லை. ஃபோகஸ் புள்ளியை நாமே நகர்த்தி ஆளின் கண்மேல் வைக்கலாம். இல்லை, முகத்தைத் தேடிப் பிடிக்கிற வேலையைக் கேமராவிடமே விட்டுவிடலாம். "புள்ளிய நீ வைடா, எல்லாத்தையும் கேமரா தலையில கட்டாதே" என்று உதவிக்கு வருகிறவர்களை வாய் ஓயாமல் திட்டுகிறவன், சொந்தத் தங்கையின் கல்யாணத்தில், வந்தவர்களிடம் தொழில் பெருமை பேசும் மும்முரத்தில், எல்லாவற்றையும் அதன் தலையில்தான் கட்டியிருந்தான். "வேற யாரும் வேணாம், எங்கண்ணன்தான் எடுக்கணும்" என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் மல்லுக்கு நின்றவள் தங்கை. அவனுக்கு வெட்கத்தில் காது மடல் சுட்டது.

அடுத்த படம். தங்கை மங்கல். கட்டம் நாற்காலியை விட்டு எழுந்து மேடைப் படிக்கு வந்திருந்தது. முகம் கிட்டே வர வர அந்தக் கட்டம் பெரிதாகும், பெரிதாகித்தான் இருந்தது. அதற்கடுத்ததில் தங்கையின் தோளருகே. கடைசிப் படத்தில் தங்கையையும் தாண்டி, பாதிப் படத்தை அடைத்துக்கொண்டு. அதை எடுக்கும்போது மூக்கில் ஏறிய தைல நெடி இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அம்மா முழங்காலுக்குத் தேய்த்துக்கொள்ளும் தைலம். அம்மா போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

"என்னைத் தனியா ஒரு படம் எடுத்து வையேன்டா" என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "நீ எங்கம்மா ஓடியா போகப்போற, அப்புறம் எடுக்கலாம்" என்று தட்டிக் கழித்தான். அவள் போன பிறகு அலசியதில் ஒரே ஒரு குடும்பப் படம் கிடைத்தது. அதிலும் இதே சோம்பேறித்தனம். முன்னால் இருந்த பூச்சாடி பளிச்சென்று, பின்வரிசையில் அம்மா மங்கலாக. அந்த முகத்தை வெட்டிப் பெரிதாக்கி, வெறும் குழிகளாகத் தெரிந்த கண்களின் இடத்தில் தங்கையின் கண்களை எடுத்து ஒட்டி, சட்டம் போட்டு இதே அறையில் மாட்டினான். "கண்ணு ரெண்டும் அப்படியே உயிரோட இருக்கு" என்று பார்த்தவர்கள் அழுதார்கள். தங்கையும் அழுதாள். அவை அவளுடைய கண்கள்தான் என்று அவன் சொல்லவில்லை.

சுவரைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தான். பார்த்தான்.

சட்டத்துக்குள் கண்கள் இல்லை. பழைய குழிகள்.

போன் அடித்தது. தங்கை.

"அண்ணா, கீழ வாசல்ல நிக்கறேன். படம் பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு. ஆனா படி சரியா தெரியலண்ணா. காலையிலேர்ந்து கண்ணு என்னமோ மங்கலா இருக்கு."

"நீ அங்கயே இரு. நான் வரேன்."

எழ முடியவில்லை. அறைக்குள் தைல நெடி.

மேசைமேல் இருந்த கேமராவை எடுத்தான். இந்த முறை அவனே தேர்ந்தெடுத்தான். ஒரே புள்ளி. நடுவில். காலி அறையை நோக்கிப் பிடித்தான்.

அவன் வைத்த புள்ளி நகரக் கூடாது.

நகர்ந்தது.

இடப்பக்கம் போனது. நின்றது. பெரிதானது. இன்னும் பெரிதானது. திரையை நிறைத்தது. பிறகு இரண்டாகப் பிரிந்து இரண்டு சின்னக் கட்டங்களானது. முகம் மிக அருகே வந்தால் கேமரா கண்களைத்தான் தேடும்.

பீப். ஃபோகஸ் கிடைத்துவிட்டது.

"அம்மா" என்றான். "மன்னிச்சிடும்மா. இதோ எடுத்துடறேன்."

அழுத்தினான்.

படம் திரையில் வந்தது. தோளில் கிடந்த சால்வையின் நூல் தனித்தனியாகத் தெரிந்தது. கழுத்துச் சுருக்கம் தெரிந்தது. அதற்கு மேலே, அவன் வெட்டிப் பெரிதாக்கிய அதே கலங்கல். மூக்கும் இல்லை, வாயும் இல்லை. அவன் கொடுத்த முகத்தோடுதான் வந்திருந்தாள்.

கண்கள் மட்டும் துல்லியம். ஈரமாக. தங்கையின் கண்கள்.

படத்துக்குள் அவை இமைத்தன.

படிக்கட்டில் காலடி. சுவரைத் தடவிக்கொண்டே வரும் கை. கதவு திறந்தது.

"அண்ணா, ஏன் இருட்டுல உக்காந்திருக்க? லைட்டப் போடேன்."

விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. அந்த வெளிச்சத்தில், நிலைப்படியில் நின்றவளின் முகத்தில், புருவத்துக்குக் கீழே, அழித்துத் தேய்த்த இடம்போல வெறும் மங்கல்.