டாக்டரின் கம்ப்யூட்டர்

பதிவுத் திருமணம் முடிந்த அன்று மதியம், ஒரு துணிப்பெட்டியும் டூல்ஸ் பையுமாக ரிப்பேர்காரன் மனைவியின் வீட்டுக்குக் குடிவந்தான். பழைய வீடு. கதவைத் திறந்ததும், யாரோ அப்போதுதான் சால்டரிங் வைத்து முடித்தது போல் உருகிய ஈயத்தின் வாசனை அடித்தது. கூடத்து மூலையில் துணி உறை போட்ட ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் இருந்தது.

"அது அவர் அசெம்பிள் பண்ணினது," என்றாள் மனைவி.

அவர் என்றால் அவளுடைய முதல் கணவர். போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். அவருக்கும் இவனுக்கும் ஒரே தொழில்தான், கம்ப்யூட்டர் ரிப்பேர். ஆனால் தெருவே அவரை 'டாக்டர்' என்றது, இவனை வெறும் ரிப்பேர்காரன் என்றது. உயிரோடு இருக்கிற போட்டிக்காரனை ஒரு கை பார்க்கலாம். செத்தவனோடு மல்லுக்கு நின்று ஜெயித்தவன் எந்த ஊரில் இருக்கிறான்?

மனைவிக்குப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கும் வேலை. நாள் முழுக்க அந்தக் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருப்பாள். மூன்றாம் நாள் இவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஒட்டி உட்கார்ந்தான். ஏதோ கிண்டல் செய்தான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

டுக்.

திரை கறுத்தது. பெட்டிக்குள் ஓடிய விசிறி முனகிக்கொண்டே நின்றது.

"அவர் இருந்தப்ப ஒரு நாள்கூட இப்படி ஆனதில்ல," என்றாள் அவள், தன் போக்கில்.

இவன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான்.

கேபினெட்டைத் திறந்தான். உள்ளே ஒயர்களெல்லாம் தலை வாரிவிட்ட மாதிரி ஒழுங்காகக் கட்டியிருந்தன. இரண்டு வருடம் திறக்காத பெட்டியில் பொட்டுத் தூசி இல்லை. பிராசஸரில் சூடு இல்லை. மல்டிமீட்டரை வைத்தான், பவர் சப்ளை இம்மி பிசகாமல் வோல்டேஜ் காட்டியது. இவ்வளவு சுத்தமான வேலையை அவன் தன் கையால் செய்ததே இல்லை. அந்த உண்மையை ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

"பவர் சப்ளை போயிடுச்சு. மட்டமான சரக்கை மாட்டியிருக்கார் உங்க டாக்டர்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நல்ல பொருளைத் தெரிந்தே குப்பையில் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றை மாட்டினான்.

மறுநாள் அவள் தோளில் கை வைத்தான்.

டுக்.

ரேமை மாற்றினான். மதர்போர்டை மாற்றினான். தன் கடைக்கு எடுத்துப் போனால் மூன்று நாள் இரவு பகலாக ஓடியது. வீட்டுக்குக் கொண்டு வந்தால், அவள் தனியாக இருக்கும் வரை ஓடியது. இவன் பக்கத்தில் வந்தால் அணைந்தது. கடைசியில் ஹார்ட் டிஸ்க், கேபினெட், திருகாணி வரைக்கும் மாற்றி, டாக்டரின் சாமான் ஒன்றுவிடாமல் காயலான் கடைக்குத் தள்ளினான். அன்றைக்கு அவனுக்குக் கிடைத்த திருப்தி சொல்லி முடியாது.

அன்று சாயங்காலம் குனிந்து அவள் கன்னத்தருகே போனான்.

டுக்.

ஸ்க்ரூ டிரைவரைத் தொடுமுன் மெஷினின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். எப்போது அணைந்தது, ஏன் அணைந்தது என்று மெஷினே எழுதி வைத்திருக்கும். டாக்டரின் வேலையில் குற்றம் கண்டுபிடிக்கிற அவசரத்தில் அவன் அதைப் பார்க்கவே இல்லை. இப்போது திறந்தான்.

மின்சாரம் போய் அணைந்ததாக ஒரு வரிகூட இல்லை. சூடேறி அணைந்ததாகவும் இல்லை. இந்த டிஸ்க்கை மாட்டுவதற்கு முந்தைய நாட்களுக்கும் சேர்த்து, ஒவ்வொரு தடவையும், நிமிடம் தவறாமல், ஒரே வரி.

முறைப்படி அணைக்கப்பட்டது. அணைத்தவர்: டாக்டர்.

பழைய டிஸ்க்கில் அவர் அந்தப் பெயரில்தான் பயனர் கணக்கு வைத்திருந்தார். இந்தப் புது டிஸ்க்கில் மனைவியின் பெயரைத் தவிர வேறு பெயரே கிடையாது. கணக்கை ஏற்படுத்தியது இவன்தான்.

ஈய வாசனை கூடத்தில் கனத்து நின்றது.

கம்ப்யூட்டரை அப்படியே தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தான். மனைவி வழியை மறித்தாள். முகம் வெளுத்திருந்தது.

"வேணாங்க. அவர் அதுலயே இருந்துட்டுப் போகட்டும்."

"எதுல? அவரோட திருகாணிகூட இதுல இல்ல!"

அவள் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "எல்லாத்தையும் கழட்டி வீசிட்டீங்க. இப்ப அவர் எங்க போவார்?"

"எங்கயோ போகட்டும். நான் உனக்குப் புதுசு வாங்கித் தரேன்."

கொண்டுபோய்க் கடைப் பரணில் போட்டு, கேபிளை வெட்டிவிட்டுத் திரும்பினான். கூடத்து மூலை காலியாக இருந்தது. வாசனையும் இல்லை. சோபாவில் இருவரும் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, கல்யாணமான பிறகு முதல் தடவையாக, அவளாகவே அவன் தோளில் தலை சாய்த்தாள்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தான்.

காதுக்குள் ஒரு விசிறி முனகியது.

டுக்.

கண் திறந்தபோது தரையில் கிடந்தான். அவள் அவன் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். "மூச்சே இல்லைங்க... ஒரு நிமிஷம் மூச்சே இல்ல..."

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்துப் பார்த்தார்கள். இதயம், மூளை, ரத்தம், எதிலும் ஒரு குறையும் இல்லை. "உங்களை மாதிரி ஆரோக்கியமான ஆளை நான் பார்த்ததில்லை," என்று முதுகில் தட்டி அனுப்பினார் மருத்துவர். கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து மட்டுமே மனைவி அவனைப் பார்த்திருந்தாள்.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அழுது வீங்கிய கண்களோடு அவள் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தாள்.

"கிட்ட வராதே," என்றான் அவன். அவன் வாயிலிருந்து அந்தக் குரல் வந்த விதம் அவனுக்கே புதிதாக இருந்தது.

அவன் மூச்சில் ஈய வாசனை அடிக்க, அவள் நின்றாள். தலையைச் சாய்த்து அவனை உற்றுப் பார்த்தாள். பயந்த முகத்தில் மெல்ல ஒரு தவிப்பு படர்ந்தது. அப்படி ஒரு பார்வையை அவள் இவனை நோக்கி ஒரு நாளும் பார்த்ததில்லை.

"நீங்களா?" என்று கேட்டபடி இன்னும் ஓரடி எடுத்து வைத்தாள்.

இவனுக்குக் கண்ணின் ஓரங்களில் இருட்டத் தொடங்கியது.