நாற்பத்தொன்றாம் சீட்டு

மழை சொல்லிக்கொண்டு வரவில்லை. கண்ணில் பட்ட முதல் வாசலுக்குள் அவள் பாய்ந்து ஒதுங்கினாள். அது ஒரு சலவைக்கடை. ஒதுங்கிய வேகத்தில், வெள்ளைச் சட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தவன்மேல் மோதினாள். நனைந்த சிவப்புச் சால்வை சட்டைகளின்மேல் சரிந்தது.

"ஐயோ... எடுங்க, எடுங்க! சாயம் போகுது பாருங்க!"

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கண்கள்தான் விரிந்தன. மழையில் கழுவிய கண்கள்...

"என்ன சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க."

"சாயம் போகுதுன்னேன்."

"சாயம் ஓடுதுன்னு சொல்ல மாட்டீங்களா?"

"ஓடுறதுக்கு அதுக்கென்ன காலா இருக்கு?"

அவள் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மளமளவென்று எழுதினாள்.

"நான் திட்டினத எழுதிக்கிறீங்களா! நீங்க என்ன போலீஸா?"

"இல்லங்க... அகராதி."

ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகத்தில் அவள் உதவிப் பதிப்பாசிரியை. மூன்று மாதமாக ஒரே ஒரு சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்: 'ரன்'. ஓடு என்று எழுதிவிட்டுப் போக முடியாது. சாயம் போவதும், குழாயில் தண்ணீர் வருவதும், மூக்கு ஒழுகுவதும், கடை நடத்துவதும் ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல்தான். நாம் தேர்தலில் நிற்கிறோம். அங்கே அதற்கும் ஓட்டம்தான்! ஒவ்வொரு பொருளுக்கும் யாரோ ஒருவர் உண்மையிலேயே பேசிய வாக்கியம் வேண்டும். சொன்னவர் யார், என்றைக்கு என்று சீட்டில் குறிக்க வேண்டும். அது அலுவலக விதி.

மறுநாள் அவள் சால்வையைச் சலவைக்குக் கொண்டுவந்தாள். அதற்கு மறுநாள் போர்வை. அப்புறம் திரைச்சீலை...

"தம்பி, இவங்க வீட்டுல துணி தீந்துபோச்சு போலடா," என்றாள் கல்லாவில் இருந்த அவன் அக்கா. "நேத்து துவைச்சதே இன்னிக்குத் திரும்பி வந்திருக்கு."

அவள் காதுமடல் சிவந்தது. அவன் இஸ்திரிப்பெட்டியைக் குனிந்து பார்த்துச் சிரித்தான்.

"மெஷின்?" என்று கேட்பாள்.

"ஓடும்."

"தண்ணி?"

"வரும்."

"கடை?"

"அக்கா நடத்துறா. நான் அவ சொல்றபடி நடக்குறேன்."

"சினிமா?"

"நல்லா இருந்தா ஓடும். எதுக்கும் ஒருநாள் சேந்து போய்ப் பாத்துட்டு எழுதலாமே?"

ஒரு சனிக்கிழமை, அவள் கிளம்பும்போது அவன் தலை நிமிராமல் சொன்னான். "நாளைக்கு நீங்க வர மாட்டீங்க... நீங்க வராத அன்னிக்குப் பொழுதே ஓட மாட்டேங்குது."

அவளுக்குக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தப் பாழாய்ப்போன கை, பழக்கதோஷத்தில் ஒரு சீட்டை எடுத்து எழுதியது!

திங்கட்கிழமை அது மற்றச் சீட்டுகளோடு பதிப்புக்குப் போயிற்று. நகல் மட்டும் அவள் மேலங்கிப் பையில் தங்கிவிட்டது. மேலங்கி சலவைக்குப் போனது. எந்தச் சலவைக்கடையிலும் முதல் வேலை பையைத் துழாவுவதுதானே...

மறுநாள் மடித்த மேலங்கிமேல் அந்தச் சீட்டைக் குத்தி நீட்டினான்.

சீட்டு எண் 41. பொருள்: காலம் கழிதல். சொன்னவர்: சலவைக்கடைக்காரர், ஆண், வயது சுமார் முப்பது. குறிப்பு: நல்ல எடுத்துக்காட்டு.

"நான் மனசுல இருந்தத சொன்னேங்க. நீங்க நம்பர் போட்டு வச்சிருக்கீங்க."

"அது... எங்க வேலையே..."

"சரிதாங்க. இனிமே சந்தேகம்னா அக்காகிட்ட கேட்டுக்குங்க."

உள்ளே போய்விட்டான்.

'ரொம்பத்தான்! நான் என்ன திருடிட்டேனா?' மூன்று நாள் அவளும் அந்தத் தெருப்பக்கம் தலைகாட்டவில்லை. நான்காம் நாள் அச்சுப்படி மேசைக்கு வந்தது. அவன் தலைகுனிந்து தயங்கித் தயங்கிச் சொன்னது, மூக்கு ஒழுகுவதற்கும் சாயம் போவதற்கும் நடுவில் கறுப்பு மையில் கிடந்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம்... அந்த வாக்கியத்தை எடுத்துவிடக் கேட்டு, அச்சுப்படியோடு எழுந்து போனாள்.

தலைமைப் பதிப்பாசிரியை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வாக்கியம் சரி, பொருளும் சரி. ஏம்மா எடுக்கணும்? காரணம் எழுதாம எதையும் எடுக்க முடியாது."

"அது எனக்குச் சொன்னது மேடம். அகராதிக்குச் சொன்னதில்ல."

"வேற வாக்கியம் தேட நேரமில்ல. உன் பதிவுல அந்த இடம் காலியாத்தான் போகும்."

"போகட்டும் மேடம்."

சிவப்புப் பென்சில் குறுக்கே ஒரு கோடு இழுத்தது.

அன்று சாயங்காலம் வெறுங்கையோடு கடைக்குள் நுழைந்தாள்.

"துணி எங்கம்மா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா... சும்மாதான் வந்தேன்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். தொங்கும் சட்டைகளுக்குப் பின்னால் திடீரென்று அவளுக்கு ஏதோ வேலை வந்துவிட்டது.

"அத எடுத்துட்டேன்," என்றாள் அவள். "புத்தகத்துல வராது."

"ஏன்? நல்ல எடுத்துக்காட்டுன்னு எழுதியிருந்தீங்களே..."

"எல்லாருக்கும் எதுக்கு? எனக்கு மட்டும் இருக்கட்டும்." தலை குனிந்தபடியே தொடர்ந்தாள். "அன்னிக்கு உங்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியல. அதான் எழுதிட்டு ஓடிட்டேன்."

"இப்ப தெரியுமா?"

அவள் நிமிர்ந்தாள். அவன் கண்களில் கோபம் இல்லை... பயம்தான் இருந்தது. அவளைப் போலவே.

"உங்களப் பிடிச்சிருக்கு," என்றாள் மெல்ல. "ரொம்ப நாளா."

அவன் வாய் திறக்குமுன் சட்டைகளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"டேய், மரம் மாதிரி நிக்காத... நீயும் சொல்லுடா!"