இரண்டு பேருக்கு ஓர் அறை

விடுதிச் சாவியை வாங்கிக்கொண்டு திரும்பியபோது மூட்டை கனம் குறைந்திருந்தது.

மவூசி அப்படியே நின்றாள். வெள்ளைத் துணிக்குள் இருந்தது அவள் கணவன் செலோமின் நீலச் சட்டையும், சிமென்ட் லாரி அவனுடைய மோட்டார் சைக்கிளை இழுத்துக்கொண்டு போன நாற்சந்தியில் அள்ளிய மண்ணும்தான். ஆனால் இன்று சாயங்காலம் அந்த நாற்சந்தியில் சாராயத்தையும் தண்ணீரையும் ஊற்றி, அவன் பெயரைச் சொல்லி, "வா, வீட்டுக்குப் போகலாம்" என்று அழைத்த கணத்திலிருந்து அந்த மூட்டை தூங்கிப்போன குழந்தையைப்போல அவள் இடுப்பில் கனத்துக்கொண்டே வந்திருந்தது. வண்டியில் ஏறும்போது, "ஏறுகிறோம்" என்று சொன்னாள். சாக்கடையைத் தாண்டும்போது, "தாண்டுகிறோம், பார்த்து வா" என்றாள். ஒவ்வொரு முறையும் கனம் ஒத்துக்கொண்டதுபோல அசைந்தது. இப்போது அது வெறும் துணி. வெறும் மண்.

ரோட்டில் செத்தவனை ரோட்டிலேயே விட்டுவிட்டு உடம்பை மட்டும் புதைத்தால் அவன் ரோட்டிலேயே நிற்பான். அவர்கள் ஊரான பாலிமேயில் இது தெரியாதவர்கள் கிடையாது. உடம்பு போன வாரமே மலையேறி ஊருக்குப் போய்விட்டது. நாளை அடக்கம். அதற்குள் அவனைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். அவன் விழுந்த அதே பொழுதில்தான் அழைக்க வேண்டும் என்பதும், பொழுது சாய்ந்தபின் இறந்தவனோடு பயணம் போகக்கூடாது என்பதும் சேர்ந்துகொண்டதால், தலைநகர் லோமேயில் ஓர் இரவு தங்காமல் முடியாது என்றாகிவிட்டது.

தங்க இடம் பார்ப்பதில் மவூசிக்குக் குடும்பத்தில் பெயர் உண்டு. பரீட்சை, ஆஸ்பத்திரி, விசா, யார் எதற்கு லோமேக்குப் போனாலும் அவளைத்தான் கேட்பார்கள். மாடி அறை வேண்டாம், தண்ணீர் மேலே ஏறாது. ஏசி அறை வேண்டாம், கரண்ட் போனால் காற்றே வராத பெட்டி அது. மின்விசிறி, கொசுவலை, வாளி நிறையத் தண்ணீர், ஊருக்குப் போகும் வண்டிகள் நிற்கும் இடத்துக்கு நடந்துபோகிற தூரம், இருட்டுமுன் போய்ச் சேருவது. இவ்வளவுதான் அவளுடைய சூத்திரம். இந்த முறை மட்டும் கூடுதலாக ஒன்று: இரண்டு பேருக்கு அறை. வண்டியில் அவனுக்கு ஓர் இருக்கை, சாப்பாட்டில் ஒரு தட்டு, படுக்கையில் ஒரு பக்கம். கூட வருகிறவனை ஆளாக மதிக்காவிட்டால் அவன் கூட வரமாட்டான்.

முதலில் கேட்ட இரண்டு இடங்களில் உண்மையைச் சொன்னாள். ஓர் இடத்தில் அறைகள் எல்லாம் அந்த நிமிடமே நிரம்பிவிட்டன. இன்னொன்று தேவாலயத்து விடுதி. அந்த மனிதர் போனிலேயே அவளுக்காக ஜெபம் செய்துவிட்டு வைத்துவிட்டார். மூன்றாவது இடத்தில், "ரெண்டு பேர்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த மூன்றாவது விடுதியின் வாசலில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்த பருத்த பெண்மணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பக்கத்தில் இரண்டு பெண்கள் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். அந்த விடுதிக்காரியின் பெயர் டெலாலி என்று பின்னிக்கொண்டிருந்தவர்கள் கூப்பிட்டதிலிருந்து தெரிந்தது.

"ரெண்டு பேருன்னு சொன்னீங்களே அக்கா? புருஷனை ஸ்டேஷன்லயே தொலைச்சிட்டீங்களா?"

பின்னுகிறவர்கள் சிரித்தார்கள். மவூசியின் இடுப்பில் மூட்டை கனத்தது. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. இங்கேயும் கதவு சாத்தப்பட்டால் வேறு போக்கிடம் இல்லை.

"இல்லம்மா," என்றாள். "நான் மட்டுந்தான். என்கூட யாரும் வரல."

இதுதான் நடந்தது. வேறொன்றுமில்லை.

அறையில் டெட்டாலும் பழைய ஈரச் சிமென்ட்டும் கலந்த வாடை இருந்தது. வடக்கிலிருந்து வீசும் புழுதிக்காற்று ஜன்னல் வலையில் செம்மண்ணைப் பூசியிருந்ததால் உள்ளே விழுந்த வெளிச்சம் நாள்பட்ட எண்ணெயின் நிறத்தில் இருந்தது. அவள் மூட்டையைக் கட்டிலில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். செருப்பைக் கழற்றினாள், மாட்டினாள். கோபம் வந்தால் செலோம் வாசலோடு நின்றுவிடுவான். கத்தமாட்டான், போகவும் மாட்டான். சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு, அவள் வந்து கூப்பிடும்வரை நிற்பான். இப்போதும் அப்படித்தான் நிற்கிறான் என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. போய்க் கூப்பிட்டால் போதும். ஆனால் வாசலில் அந்தப் பெண்கள் இருந்தார்கள். காற்றைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிறவளை அவர்கள் என்ன செய்வார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். தலை பின்னி முடியட்டும் என்று காத்திருந்தாள். மூன்று தடவை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பின்னி முடியவில்லை.

நாத்தனார் யாவா போன் செய்தாள். பந்தல் போட்டாயிற்று, ஆடு வந்துவிட்டது, உன் மகள் ஜிஃபா சாப்பிட மாட்டேன் என்கிறாள், அப்பா நாளைக்கு வருவார் என்று சொன்னால் சாப்பிடுகிறாள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணி, அண்ணன் கூட இருக்காருல்ல?"

"இருக்காரு."

"எனக்குப் போதும் அண்ணி. நான் தூங்கிருவேன்."

மவூசி பையிலிருந்து சாப்பாட்டை எடுத்து இரண்டு தட்டில் வைத்தாள். மக்காச்சோளக் களி, கீரைக் குழம்பு, பொரித்த மீன். அப்போது கரண்ட் போயிற்று. மின்விசிறி கடைசிச் சுற்றுகளைக் கிறீச்சிட்டுச் சுற்றி நின்றது. தெருவில் எங்கோ பிள்ளைகள் ஓவென்று கத்தி ஓய்ந்தார்கள். வாசல் பெண்கள் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு உள்ளே போகும் சத்தம் கேட்டது. இனிப் போகலாம் என்று அவள் எழுந்தாள்.

கதவுக்கு அப்பால் யாரோ மெல்லக் கை தட்டினார்கள்.

"ஆகோ."

வாசலில் நிற்பவர் ஆகோ என்பார். உள்ளே இருப்பவர் ஆமே என்றால்தான் காலெடுத்து வைப்பார். சொந்த வீட்டிலும் அப்படித்தான். செலோம் குளித்துவிட்டு அறைக்குள் வரும்போதுகூடச் சொல்வான். ஆகோ என்றால் ஆமே என்று வாய் தானாகச் சொல்லும். நாலு வயதில் பழகிய வாய். அதுவும் அவனுக்காகவே ஏங்கிக்கொண்டு நின்ற வாய்.

"ஆமே," என்றாள். யாரென்று கேட்கவில்லை.

கதவு திறக்கவில்லை. ஆனால் கட்டிலில் கொசுவலை அசைந்தது. கட்டில் கயிறுகள் ஒவ்வொன்றாக முனகின, யாரோ அவசரமில்லாமல் உட்கார்ந்து, பிறகு சாய்வதுபோல. அவள் ஓடிப்போய் மூட்டையைத் தூக்கிப் பார்த்தாள். தூக்க முடியவில்லை. அழுகை பொங்கியது, சந்தோஷ அழுகை. தரையில் உட்கார்ந்து, மன்னித்துக்கொள், அந்தப் பொம்பளைகளுக்குப் பயந்துதான் அப்படிச் சொன்னேன் என்று புலம்பினாள். ஜிஃபா சாப்பிடாததைச் சொன்னாள், பந்தலைச் சொன்னாள், ஆட்டைச் சொன்னாள். இருட்டு முழுக்க இறங்கியது. அவளுக்கு எதிரே தட்டு சிமென்ட் தரையில் லேசாக நகரும் ஓசை வந்தது. பிறகு மெல்லும் ஓசை.

இறந்தவர்கள் வாசனையைத்தான் தின்பார்கள். தட்டு அப்படியே இருக்கும், காலையில் நாய்க்குப் போடுவோம்.

மெல்லும் ஓசை நின்றபாடில்லை. மீன் முள் நொறுங்கியது. ஒன்று. இன்னொன்று. செலோம் முள்ளுக்குப் பயந்தவன். மகளுக்கு எடுக்கிறேன் என்று சொல்லித் தன்னுடையதையும் பொறுக்கிவிட்டுத்தான் வாயில் வைப்பான். அவள் பேசுவதை நிறுத்தினாள். எதிரே மெல்லுவதும் நின்றது. அவள் பேசட்டும் என்று காத்திருப்பதுபோல.

அவள் பேசினாள். விடியும்வரை பேசிக்கொண்டே இருந்தாள். என்ன பேசினாள் என்பது பிற்பாடு நினைவில்லை. வாய் ஓய்ந்தால் அது நெருங்கும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

முதல் சேவல் கூவி, பள்ளிவாசலில் ஓதும் சத்தமும் அடங்கி, ஜன்னல் வலை சாம்பல் நிறமானபோது, வெளி வாசலிலிருந்து இருமல் ஒன்று கேட்டது. பதினோரு வருடம் அவள் பக்கத்தில் இருமிய இருமல். பிறகு கை தட்டல், தயங்கித் தயங்கி, இரவு முழுவதும் பனியில் நின்றவன் தட்டுவதுபோல.

"ஆகோ. மவூசி. ஆகோ."

அவள் வாயைத் திறந்தாள்.

நாக்கின்மேல் ஏதோ வந்து உட்கார்ந்தது. குளிர்ச்சி. ஈரச் சிமென்ட்டின் ருசி. ஆமே என்ற சொல் தொண்டைவரை வந்து அங்கேயே நின்றது. வெளியே அவன் இன்னொரு தடவை கூப்பிட்டான். இன்னொரு தடவை. பிறகு டெலாலி வாசல் கூட்டும் துடைப்பத்தின் ஓசை அவன் நின்ற இடத்தின்மேல் சர்சர்ரென்று போயிற்று.

வெளிச்சம் வந்ததும் பார்த்தாள். இரண்டு தட்டும் கழுவி வைத்ததுபோல இருந்தன. முள் இல்லை. தன் தட்டை அவள் தொடவேயில்லை.

மூட்டையைக் கட்டிலிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு நடந்தாள். சாவியைக் கொடுத்தாள். வாசலைத் தாண்டினாள். நாற்சந்திக்கே திரும்பிப் போய்ப் புதிதாக மண்ணெடுத்து, காலில் விழுந்து கூப்பிட வேண்டும். அடக்கம் ஒரு நாள் தள்ளிப்போகட்டும். தெருமுனைக்குக்கூட வரவில்லை, பின்னால் டெலாலி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அக்கா! எதை மறந்தாலும் இதையா மறப்பீங்க? என்ன வச்சிருக்கீங்க, அம்மிக்கல்லா?" இரண்டு கையாலும் தூக்கி வந்து அவள் இடுப்பில் வைத்தாள். வைத்துவிட்டுத் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். முகம் கொஞ்சம் மாறியது. கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அதன்பிறகு மவூசியின் கால்கள் நாற்சந்திப் பக்கம் போகவில்லை. வண்டி நிற்கும் பக்கம் போயின.

ஓட்டுநர் அக்பேகோ அவள் ஊர்க்காரன், முறை தெரிந்தவன். பின்னிருக்கையில் அவள் பக்கத்தில் யாரையும் ஏற்றாமல் கதவைச் சாத்தினான். கிளம்பியதும் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, சக்கரம் மேல்தகட்டில் உரசியது.

"செலோம் அண்ணன் லோமேல நல்லா சாப்பிட்டிருக்காரு போல அக்கா," என்றான். சிரித்தான். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு பாட்டுப் பெட்டியை அணைத்தான்.

இறந்தவனோடு போகும்போது திரும்பிப் பார்க்கக்கூடாது. அவள் திரும்பவில்லை. ஆனால் ஓட்டுநருக்கு மேலே தொங்கிய கண்ணாடி அவள் கண்ணுக்கு நேராகவே இருந்தது. அதில் செந்நிறப் புழுதி. புழுதிக்குள் நீலமாக ஒரு புள்ளி. நகரம் முடிந்து, தேக்கு மரங்கள் தொடங்கி, வண்டி வேகமெடுத்த பிறகும் அந்தப் புள்ளி இருந்தது. ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காலை இழுத்து இழுத்து.

"நிறுத்து," என்றாள்.

அக்பேகோ வேகத்தைக் குறைத்தான். நீலம் பெரிதாயிற்று. சட்டையாயிற்று. தூக்கிய கையாயிற்று. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் இருந்தால் முகம்.

பக்கத்து இருக்கையிலிருந்து கனம் எழுந்து அவள் மடியில் உட்கார்ந்தது.

"என்னக்கா? இறங்கணுமா?"

"ஒண்ணுமில்ல," என்றது அவள் வாய். "போ."

பாலங்கள் வந்தன. தாண்டுகிறோம் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமலே அது தாண்டியது. மலைப்பாதையின் முதல் வளைவில் கண்ணாடியில் வெறும் புழுதிதான் இருந்தது.

வாசலில் எல்லோரும் கறுப்பும் சிவப்பும் உடுத்தி நின்றார்கள். மேளம் நின்றது. வந்தவர் வண்டியிலிருந்து இறங்குமுன் வீட்டுப் பெண் கேட்க வேண்டும், வந்தவர் பதில் சொல்ல வேண்டும். யாவா ஒரு கையில் தண்ணீர்ச் சுரைக்குடுக்கையோடு முன்னால் வந்தாள். தூங்கி எழுந்த முகம். நிம்மதியான முகம்.

"அண்ணி, அண்ணனைக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரே சொல். மவூசி பற்களைக் கடித்துக்கொண்டாள். தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். இல்லை. இல்லை. இல்லை.

"கூட்டிட்டு வந்துட்டேன்," என்றது அவள் குரல்.

யாவா தண்ணீரை வாசலில் ஊற்றினாள். பெண்கள் குலவையிட்டார்கள். மேளம் வெடித்துக் கிளம்பியது. மவூசியின் மடியிலிருந்து கனம் இறங்கியது. வண்டியின் பின்பக்கம் பெருமூச்சு விட்டதுபோல மேலே எழும்பியது. கூட்டம், எதற்கென்று தெரியாமலே, நடுவில் பிளந்து வழிவிட்டது.

பந்தலின் அடியில், பெட்டிக்குப் பக்கத்தில் போட்டிருந்த பெஞ்சில், ஜிஃபா புது ஜடையோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். கால் ஆட்டுவதை நிறுத்தினாள். யாருக்கோ இடம்விட்டு, பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தாள். பெஞ்சு தாழ்ந்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்க நிமிர்ந்தாள். முகம் இருக்கவேண்டிய உயரத்தையும் கடந்து அவள் கண்கள் மேலே போயின. இன்னும் மேலே. பந்தலின் கூரையைத் தொடும்வரை போய், அங்கே நின்றன.

பிறகு குழந்தை மெதுவாகத் தன் கையை நீட்டிக் கொடுத்தாள்.