நெய்த தோள்

படகுத்துறை வாசலிலிருந்த சோதனை வளைவு காலையிலிருந்தே ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. உள்ளே நுழைகிறவர் உடுத்தியிருப்பதைப் படித்து, ஒவ்வொன்றும் எங்கே உருவானதென்று உரக்கச் சொல்லும். "சட்டை, திருப்பூர். கைலி, வங்கதேசம்." தூத்துக்குடிக்காரர்கள் யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை.

துணிவழியே நாடு நாடாகப் பரவிய இழைநோய்க்குப் பிறகு வந்த சட்டம் அது. நெய்த எதிலும், உருவான இடத்தைச் சொல்லும் மூல இழை ஒன்று இருந்தாக வேண்டும். அந்த இழையால் பொய் சொல்ல முடியாது. நோய் கண்ட நாட்டை மூடிவிட்டால், அந்நாட்டுத் துணி யார் உடம்பில் இருந்தாலும் அங்கேயே கழற்றப்பட்டு எரிகுழிக்குப் போகும்.

பெனிட்டா கைக்குழந்தையோடு வளைவுக்குள் வந்தாள். தங்கை கல்யாணத்துக்காக மணப்பாடு போகும் படகைப் பிடிக்க வந்திருந்தாள். அவள் கணவன் ரீகன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான்.

"சேலை, ஆரணி. ஜாக்கெட், தூத்துக்குடி. மேலாடை, இடது தோள் முதல் கழுத்து வரை, மெர்வான்."

வழக்கமாகச் சொல்வதுதான். படகு எஞ்சின் வெடித்து அவள் தோள் வெந்தபோது மெர்வான் நாட்டில் நெய்து வந்த வளர்தோலைத்தான் ஒட்டினார்கள். 'நம்ம வீட்ல ஃபாரின் சரக்கு' என்று ரீகன் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

ஆனால் வளைவு இன்று அதோடு நிறுத்தவில்லை. "மூடப்பட்ட நாடு," என்றது.

வரிசை சட்டென்று பின்வாங்கியது.

அதிகாரி தமயந்தி கையுறை மாட்டியபடி வந்தாள். "காலையிலதான் மெர்வானை மூடுனாங்கக்கா. அந்த மேலாடையைக் கழட்டிருங்க."

"மேலாடை இல்ல மேடம். என் தோலு."

சேலைத் தலைப்பை விலக்கிக் காட்டினாள். தமயந்தி குனிந்து பார்த்தாள். தோளில் வியர்வை பூத்திருந்தது. கழுத்தோரம் நாடி துடித்தது. தமயந்தியின் முகம் வெளிறிவிட்டது.

"இது வந்தப்போ தோலுக்குன்னு தனிப் பிரிவு கிடையாதுக்கா. நெய்ததெல்லாம் ஆடைன்னுதான் இறக்குனாங்க. வளைவுக்கு இது ஆடைதான்."

"நோய் இருக்கான்னு சோதிச்சுப் பாருங்களேன்!"

"சட்டம் நோயைக் கேக்கலக்கா. எங்க உருவாச்சுன்னுதான் கேக்குது."

"கழட்ட முடியலன்னா?" என்றான் ரீகன்.

தமயந்தி அவனைப் பார்க்காமலே பதில் சொன்னாள். "கழட்ட முடியாத சரக்கை உருவான நாட்டுக்கே திருப்பிடணும். மெர்வான் கப்பல் வெளியில நிக்குது."

"பிள்ளை?" என்றாள் பெனிட்டா. தன் குரலே அவளுக்கு யாருடையதோ போலக் கேட்டது. "என் பிள்ளை?"

தமயந்தி குழந்தையை வாங்கி, வளைவுக்குக் கீழே தூக்கிப் பிடித்தாள். "சட்டை, கோவில்பட்டி," என்றது வளைவு. அவ்வளவுதான். அவள் நிம்மதியாக மூச்சு விட்டு, தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையோடு பின்வாங்கிவிட்ட ரீகனிடம் குழந்தையைக் கொடுத்தாள். குழந்தை வீறிட்டது.

"பால் குடிக்கிற நேரம்," என்றாள் பெனிட்டா. "ஒரு தடவை குடுத்துட்டுப் போறேன் மேடம்."

தமயந்தி சுற்றும் முற்றும் பார்த்தாள். "சீக்கிரம்," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெனிட்டா கோட்டருகே போய்க் கைகளை நீட்டினாள். "ரீகன், பிள்ளையைத் தாங்க."

அவன் நகரவில்லை. அவன் கண்கள் அவள் முகத்தில் இல்லை, தோளில் நின்றன. கல்யாணமான நாள் முதல் அந்தத் தோளில் தலை வைத்துத்தான் அவன் தூங்கியிருக்கிறான்.

"ரீகன்."

"பெனி... பிள்ளைக்கு எதுவும்..." அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் வைத்தான். பிறகு இன்னும் ஓரடி.

இவ்வளவு நேரமும் அவள் கப்பலுக்குத்தான் பயந்திருந்தாள். இப்போது நீட்டிய கைகளை மெல்ல மடக்கிக்கொண்டாள். மார்பில் பால் கசிந்து ஜாக்கெட் நனைந்தது. தமயந்தி கையைப் பிடித்து நடத்த வந்தாள். தொடப்போன கடைசி நொடியில் அவளும் தயங்கினாள்.

பெனிட்டா தானாகவே கப்பல் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.