வெறுங்கால் நடை

அவள் வெறுங்காலோடுதான் நின்று வாசித்தாள். எடுத்த வீடியோவிலோ பூட்ஸ் சத்தம் கேட்டது.

சிட்டு போனைக் காதோடு ஒட்டிவைத்து மறுபடி கேட்டாள். ரப்பர் அட்டையில் டிரம் குச்சிகள் விழும் மெத்தென்ற ஓசை. அதற்கு அடியில், பலகையில் குதிகால் பதிகிற மாதிரி டக், டக். அறையில் விரித்திருந்ததோ தடித்த கம்பளம். ராத்திரி வேலை முடித்துவந்த அப்பா கீழே தூங்குகிறார். அதனால்தான் டிரம்முக்குப் பதில் அட்டை, காலில் செருப்பும் இல்லை.

அணிவகுப்பு பேண்டில் ஒரே ஓர் இடம் காலி. தலை முதல் கால் வரை தெரிய, நின்ற இடத்திலேயே நடை போட்டுக்கொண்டு தனியாக வாசித்து, வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே மூச்சில் எடுத்து, பொழுது சாய்வதற்குள் அனுப்பவேண்டும். அவளுக்குக் கை பேசும், கால்தான் வம்பு. வேகம் கூடினால் இடது கால் பின்தங்கிவிடும். போன வருடம் இடம் போனதும் அந்தக் காலால்தான்.

அண்ணன் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தான். "ஏய், அப்பா தூங்குறாரு. பூட்ஸைக் கழட்டிட்டு ஆடு."

"நான் எங்க பூட்ஸ் போட்டிருக்கேன்? கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

அவன் அவள் பாதங்களைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப கீழ கேட்டது என்ன?" என்றவன், பதிலுக்கு நிற்காமல் படியிறங்கிப் போனான்.

மறுபடி எடுத்தாள். ஜன்னல் வெயில் மஞ்சளித்துக் கம்பளத்தில் நீண்டு கிடக்க, எங்கிருந்தோ பூட்ஸ் பாலிஷ் வாடை, ஈரத்தோலும் பூட்டிவைத்த அலமாரியும் கலந்த வாடை, மெல்ல மெல்ல அறையை நிறைத்துத் தொண்டைக்குள் இறங்கியது. வேகமான பகுதி வந்தது. இடது கால் தடுமாறும் இடம்.

தடுமாறவில்லை. அவள் தூக்க நினைப்பதற்கு முன்பே அது தூக்கிக்கொண்டது. உயர்ந்த உயரமும் இறங்கிய நொடியும் அச்சில் வார்த்தது போல. கணுக்காலைச் சுற்றி ஏதோ குளிர்ந்து இறுகியது. இது தன் நடை இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் வாசித்து முடித்தாள்.

வெயில் அணைந்துகொண்டிருந்தது. இன்னொரு தடவை எடுத்தால் பழைய கால் வந்துவிடுமே! யார் நடையாக இருந்தால் என்ன, இடம் கிடைத்தால் சரி.

அனுப்பிவிட்டாள்.

பிறகுதான் வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். முகம் அவளுடையது. கைகள் அவளுடையவை. கீழே, கறுத்த பூட்ஸ். நாடா இறுக்கிக் கட்டியிருந்தது.

சட்டென்று குனிந்தாள். வெறும் பாதங்கள்தான்.

போன் அடித்தது. பேண்டு மாஸ்டர்.

"பாத்தேம்மா. கை தெரிஞ்சதுதான். ஆனா அந்தக் கால் இருக்கே, அடடா! இடம் உனக்குத்தான்."

வைத்துவிட்டார்.

இடது கால் உயர்ந்தது. தானாக.

இறங்கியது. டக்.

வலது. டக்.

முழங்காலை இரு கைகளாலும் பிடித்து அழுத்தினாள். கைகளையும் சேர்த்துத் தூக்கியது.

"சிட்டு, போதும்மா! தூங்கவிடு!" கீழேயிருந்து அப்பா.

"அப்பா… நிக்க மாட்டேங்குதுப்பா…"

டக். டக்.

வெறும் பாதத்தின் மேல் நாடா அழுந்திய தடம். குறுக்கும் மறுக்குமாக. ஒவ்வோர் அடிக்கும் ஒரு சுற்றாக இறுகி, கணுக்காலைத் தாண்டி, மேலே ஏறிக்கொண்டிருந்தது.