சிரிக்காதவர்களின் ஜன்னல்

காலை ஒன்பதரை மணிக்குள் நன்முல்லையின் கனிவெண் அறுபத்தெட்டுக்கு இறங்கிவிட்டது. நோயாளி ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோது அவர் முகத்தைப் பார்க்காமல் மருந்துச் சீட்டைப் பார்த்ததற்கு ஐந்து புள்ளி போயிற்று. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அவரிடமே இரண்டாம் தடவை கேட்டதற்கு எட்டு. அப்படிக் கேட்பதற்குச் ‘சோதிக்கும் தொனி’ என்று பெயர்.

அவளுடைய வெள்ளை அங்கியின் கழுத்துப் பட்டியில் சட்டைப் பொத்தான் அளவில் ஒட்டிக்கொண்டிருந்த கனிவுமானிதான் இதையெல்லாம் அளந்தது. பேசுகிறவரின் குரலை அது கேட்கும், எதிரே நிற்கிறவரின் முகத்தைப் பார்க்கும். அந்த முகம் மலர்ந்தால் எண் ஏறும், சுருங்கினால் இறங்கும். அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பதையும் காதில் செருகிய செவிமணி வழியாக அதுவே முணுமுணுக்கும். மருந்தியல் மாணவர்கள் எல்லோரும் இறுதியாண்டில் ஆறு மாதம் மருத்துவமனை மருந்தகத்தில் இதை அணிந்து நிற்க வேண்டும். சராசரி எண்பத்தைந்துக்குக் குறைந்தால் உரிமம் கிடையாது.

ஒரு காலத்தில் மருந்தாளுநர்கள் நோயாளிகளிடம் எரிந்து விழுந்தார்களாம். மாத்திரை அட்டையை முகத்தைக்கூடப் பார்க்காமல் எறிந்தார்களாம். அதை மாற்றுவதற்காக வந்த கருவி, மாற்றியும்விட்டது. இப்போது யாரும் எரிந்து விழுவதில்லை. யாரும் எதையும் சொல்வதும் இல்லை. விஷம், ஆபத்து, சாவு ஆகியவை சிவப்புச் சொற்கள். வாயிலிருந்து விழுந்தால் தலா பதினைந்து புள்ளி போகும். ‘கூடாது’ என்பது மஞ்சள். ‘இல்லை’ என்பதும் மஞ்சள்தான். இந்த இரண்டு சொற்களும் இல்லாமல் மருந்தைப் பற்றி என்ன பேச முடியும் என்று நன்முல்லை முதல் வகுப்பிலேயே கேட்டாள். பண்பியல் துறைத் தலைவர் தெய்வசிகாமணி அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

“மருந்த மெஷினே எண்ணிக் குடுத்துரும்மா. நீங்க எதுக்கு அங்க நிக்கறீங்கன்னா, மனுசங்க மாதிரி இருக்கறதுக்கு.”

அந்த ‘மாதிரி’யில் தேர்ந்தவன் திவ்யதர்ஷன். முதல் ஜன்னலில் நின்றான். எண் தொண்ணூற்றெட்டு. மருந்துகளை அவன் நிறத்தை வைத்துத்தான் அறிவான். சர்க்கரை மாத்திரைக்கும் இரத்த அழுத்த மாத்திரைக்கும் வேறுபாடு கேட்டால் ஒன்று வெள்ளை, மற்றது இளஞ்சிவப்பு என்பான். ஆனால் “வாங்கம்மா” என்று அவன் சொல்லும்போது குரலில் வெண்ணெய் உருகும். அவனுடைய பதிவுகளைத் தெய்வசிகாமணி வகுப்பில் போட்டுக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு ரசிப்பார்.

நோயாளிகளும் இதற்குள் பழகிவிட்டார்கள். முகம் மலராவிட்டால் மாணவர்கள் விடமாட்டார்கள், முதலிலிருந்து உபசாரத்தைத் தொடங்கிவிடுவார்கள் என்பது வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஜன்னலை அடைந்ததுமே பல்லைக் காட்டிச் சிரித்து, தலையை நான்கு முறை ஆட்டி, பையை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். கேட்டவர்கள் யாருமில்லை, சொன்னவர்களும் இல்லை. எண்கள் மட்டும் ஏறிக்கொண்டிருந்தன. மாநிலத்தின் சராசரி தொண்ணூற்றிரண்டு என்று விளம்பரப் பலகை வைத்திருந்தார்கள்.

சிரிக்காதவர்கள் சிலர் இருந்தார்கள். பல்வலிக்காரர்கள், பக்கவாதம் வந்தவர்கள், வீட்டில் துக்கம் நடந்தவர்கள். அவர்களை மற்ற மாணவர்கள் மிகுந்த மரியாதையோடு மூன்றாம் ஜன்னலுக்கு அனுப்பிவிடுவார்கள். அது நன்முல்லையின் ஜன்னல். எப்படியும் தேறப்போவதில்லை என்று அவளைப் பற்றி வகுப்பு முடிவு செய்திருந்தது.

அன்று அப்படி அனுப்பப்பட்டவள் அருக்காணி. ஐம்பது வயதிருக்கும், தறிக்குடோனில் நூல் சுற்றும் வேலை. கைவிரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. அவள் முதலில் திவ்யதர்ஷனிடம்தான் போனாள். அவன் மூன்று முறை இனிமையாக வரவேற்றும் அவள் முகம் அசையவில்லை. அவனுடைய எண் தொண்ணூற்றேழு ஆயிற்று. உடனே கைகூப்பி, மூன்றாம் ஜன்னலைக் காட்டினான்.

மாத்திரை தீர்ந்துவிட்டது என்றாள் அருக்காணி. உதட்டை அதிகம் பிரிக்காமல் பேசினாள். நன்முல்லை சீட்டைப் பார்த்தாள். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு நான்கு. வாங்கி எட்டு நாள்தான் ஆகியிருந்தது. நடுவில் நான்காம் நாளும் வந்து இன்னொரு நான்கு வாங்கிப் போயிருக்கிறாள். அப்போது மருந்துப் பெட்டகம் தரமாட்டேன் என்று பூட்டிக்கொண்டிருக்கும். ‘இல்லை’ என்று சொல்ல மனமில்லாத திவ்யதர்ஷன் மனநிறைவு விசையை அழுத்தித் திறந்திருக்கிறான். அந்த விசைக்கு இரண்டு புள்ளி பரிசு உண்டு.

“எத்தன நாளைக்கு ஒருக்கா போடறீங்கக்கா?”

சோதிக்கும் தொனி என்றது செவிமணி.

“தெனமும் ஒண்ணுங் அம்மிணி.”

“வாரத்துக்கு ஒண்ணுன்னு அந்தத் தம்பி சொல்லலீங்களா?”

“அந்தத் தம்பி நெம்ப நல்லாப் பேசுச்சுங். என்ன சொல்லுச்சுன்னுதான் கேக்கலீங்.”

வாயைத் திறந்து காட்டச் சொன்னாள் நன்முல்லை. உள்கன்னமெல்லாம் வெந்துபோனதுபோல் புண். நாக்கின் ஓரங்களிலும் புண். அவள் ஏன் சிரிக்கவில்லை என்பது புரிந்தது. கையைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் அடித்தது. எட்டு நாளில் எட்டு மாத்திரை. இன்னும் இரண்டு மூன்று போனால் இரத்தத்தில் வெள்ளையணுவே மிஞ்சாது.

எண் அறுபத்தொன்று. அறுபதுக்குக் கீழே போனால் பயிற்சி அத்துடன் முடிந்துவிடும், வருடமும் போய்விடும். செவிமணி ஒரு வாக்கியத்தை எடுத்துக் கொடுத்தது. வெட்கத்தைவிட்டுச் சொன்னால், நன்முல்லை அதையே சொன்னாள். தங்கள் நலனே எங்கள் மகிழ்ச்சி, வசதிப்படும்போது மருத்துவரை ஒருமுறை சந்தித்தால் மிகவும் நன்றாக இருக்கும். மாத்திரையை மட்டும் கொடுக்கவில்லை.

அருக்காணி தலையாட்டினாள். பதினொரு மணிக்கு வேலைக்குப் போக வேண்டும். மாத்திரை இங்கே கிடைக்காவிட்டால் பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். பிறகு புண்ணான வாயை இழுத்து, எப்படியோ ஒரு சிரிப்பையும் சிரித்துவிட்டு நடந்தாள். எண் அறுபத்தேழுக்கு ஏறியது.

அந்த ஆறு புள்ளியை நன்முல்லையால் தாங்க முடியவில்லை. பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். வாசலருகே அருக்காணியின் தோளைப் பிடித்து நிறுத்தி, கையிலிருந்த சீட்டைப் பிடுங்கினாள்.

“இன்னொரு மாத்திர போட்டீங்கன்னா செத்துப்போயிருவீங்க. வேலையாவது மண்ணாவது. இப்பவே டாக்டர்கிட்ட வாங்க. நட.”

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. கனிவுமானி சிவந்து, பதினொன்று என்று காட்டி அணைந்தது. அருக்காணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தள்ளுவண்டியில் ஏற்றி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனது நன்முல்லைதான். முறிமருந்து கொடுத்து, தனியறையில் வைத்துப் பதினாறு நாள் பார்த்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் விசாரணை நடந்தது. நோயாளியை ஒருமையில் அழைத்தது, உடலைத் தொட்டது, பொருளைப் பிடுங்கியது, சிவப்புச் சொல், ஜன்னலைவிட்டு வெளியேறியது என்று குற்றங்களைத் தெய்வசிகாமணி மிகக் கனிவான குரலில் வாசித்தார். அந்தப் பெண் செத்திருப்பாளே என்றாள் நன்முல்லை.

“இருக்கலாம்மா. அதப் பார்க்கறதுக்கு வேற துறை இருக்குது. நம்ம துறை பண்பு.”

ஆறு மாதம் விலக்கி வைத்தார்கள். திவ்யதர்ஷனுக்கு அந்தப் பருவத்தின் சிறந்த மாணவன் பதக்கம் கிடைத்தது. தகுந்த நோயாளியைத் தகுந்த ஜன்னலுக்கு அனுப்பிவைத்த பாங்கு என்று பாராட்டுரையில் எழுதியிருந்தார்கள். அவனும் அதை நம்பினான்.

ஆனால் விதிப்படி நோயாளியின் கருத்தையும் பதிவுசெய்தாக வேண்டும். கருவியோடு ஒருவர் அருக்காணியின் படுக்கைக்குப் போனார். அவள் கருவியைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்: “அந்தப் புள்ள கத்தலீன்னா நான் போயிருப்பனுங். அது நல்லா இருக்கோணும்.” சொல்லும்போது அழுதாள். அவ்வளவு உயர்ந்த மனநிறைவைக் கனிவுமானி அதுவரை எந்த முகத்திலும் பார்த்ததில்லை. மிகக் குறைந்த கனிவெண்ணுக்குப் பின்னால் மிக உயர்ந்த மனநிறைவு. கணிப்பொறிகள் அதை மூன்று வாரம் மென்றன.

நன்முல்லை கல்லூரிக்குத் திரும்பி வந்தபோது வாசலிலேயே சத்தம் கேட்டது. பெரிய கூடத்தில் அறுபது மாணவர்கள் வரிசையாக நின்று, “செத்துப்போயிருவீங்க” என்று கத்திப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் அவளுடைய குரலே ஓடிக்கொண்டிருந்தது. பாடத்திட்டம் மாறிவிட்டதாம். கனிவெண்ணோடு இப்போது கண்டிப்பு எண்ணும் உண்டு. எதிரே நிற்பவர் முகத்தில் அச்சம் தோன்றினால் எண் ஏறும். தோளைப் பிடிப்பதற்கு மூன்று புள்ளி, சீட்டைப் பிடுங்குவதற்கு ஐந்து. தெய்வசிகாமணி அவளைக் கண்டதும் ஓடிவந்து கைகுலுக்கி, தமக்கு இது முன்பே தோன்றியதுதான் என்றார். வெட்கம் என்பது அவர் முகத்தில் ஓர் ஓரத்தில்கூட இல்லை.

முதல் ஜன்னலில் திவ்யதர்ஷன் நின்றான். இருமல் மருந்து வாங்க வந்த ஆசிரியை ஒருவரின் தோளைப் பிடித்து உலுக்கினான். நடுங்க வேண்டிய இடத்தில் அவன் குரல் அழகாக நடுங்கியது. தொண்ணூற்றெட்டு.

நன்முல்லைக்குப் பயிற்சித் தேர்வில் எழுபத்து நான்குதான் வந்தது. மூலக் குரலோடு பொருந்தவில்லை என்று குறிப்பெழுதித் தந்தார்கள்.

மூன்றாம் ஜன்னலில் அவள் மறுபடி நின்ற இரண்டாம் வாரம், நாச்சிமுத்து என்ற தேங்காய் வியாபாரி வந்தார். இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர். இரத்தம் உறையாமலிருப்பதற்கான மாத்திரையை மாதாமாதம் வாங்கிச் செல்பவர். பையை வாங்கும்போது சட்டைப்பையிலிருந்து வேறொரு அட்டை எட்டிப் பார்த்தது. முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரை, நான்கு நாளாகச் சாப்பிடுகிறாராம். முன்கையில் நீல நீலமாகக் கன்றியிருந்தது. பல் துலக்கினால் இரத்தம் வருகிறதா என்று கேட்டாள். வருகிறது என்றார்.

இந்த இரண்டும் சேர்ந்தால் வயிற்றுக்குள்ளேயே இரத்தம் கசியும் என்று அவள் முதலில் பொறுமையாகத்தான் விளக்கினாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். அந்த அட்டையைத் தந்துவிடச் சொன்னாள். தலையாட்டினார், தரவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவர் சட்டையைப் பிடித்தாள்.

“உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சு செத்துப்போயிருவீங்கய்யா. நெசமாலுமே சொல்றேன்.”

வரிசையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாச்சிமுத்து கண்களை அகலமாக விரித்தார். வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டு தோள்களையும் ஒரு தடவை உதறி, முகமெல்லாம் அச்சத்தைக் கொண்டுவந்து, கருவிக்கு நேராகச் சற்று நேரம் நிறுத்திக் காட்டினார். நன்முல்லையின் செவிமணியில் மணியோசை கேட்டது. நூற்றுக்கு நூறு. இந்தக் கல்லூரியில் இதுவரை யாரும் வாங்காத எண்.

பிறகு அவர் முகத்தைப் பழையபடி ஆக்கிக்கொண்டு, பையைக் கக்கத்தில் இடுக்கினார்.

“போதுங்களா அம்மிணி? பஸ்ஸு வந்துருச்சு.”